நடவுக்குப் போனவர்களை யார் கணக்கெடுப்பது?

புரட்டாசியில் சம்பா நடவு ஓடிக்கொண்டிருக்கும்போது நீடாமங்கலம் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய், காலை பத்து மணிக்கு வீடு வீடாகக் கூப்பிட்டுப் பாருங்கள். திண்ணையில் பெரியவர் ஒருவர் இருப்பார். கயிற்றுக் கட்டிலில் வயசுப் பையன் செல்போனோடு கிடப்பான். நடக்க முடியாத பாட்டி எட்டிப் பார்ப்பார். நாற்பது, ஐம்பது வயதுப் பெண் மட்டும் இருக்கமாட்டார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அவர் ஆறரை மணிக்கே வயலுக்குப் போயிருப்பார். ‘டெல்டா மக்களிடம் ரத்த அழுத்தம், சர்க்கரை’ என்று தலைப்புப் போட்ட படிவத்தோடு நாங்கள் போய் நின்றது அந்த நேரத்தில்தான்.

நான் களப்பணியாளர். விலங்கியல் படித்துவிட்டு, வெண்ணாற்றுக்கும் கோரையாற்றுக்கும் நடுவில் இருக்கும் கிராமங்களில் மருத்துவ ஆய்வுகளுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறேன். பி.பி. பார்ப்பது, விரலில் குத்தி சுகர் பார்ப்பது, ரத்தம் எடுக்க வரும் டெக்னீஷியனுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது எல்லாம் என் வேலை. மருத்துவ ஆராய்ச்சியில் பெண்கள் ஏன் குறைவாக இருக்கிறார்கள் என்று மேடைகளில் நிறையப் பேசுகிறார்கள். நான் பார்த்த வரையில் பாதிக் காரணம் வாசலிலேயே கிடக்கிறது. எத்தனை மணிக்குப் போகிறோம், யார் பதில் சொல்கிறார், கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதிலேயே பாதிப் பெண்கள் விடுபட்டுப் போகிறார்கள்.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் சிக்கல் இன்னும் கூடும். எங்கள் வண்டி எட்டு மணிக்கு ஊருக்குள் வரும். வயலுக்குப் போகிறவர்கள் அதற்குள் பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். இரண்டு முறை ‘வீட்டில் இல்லை’ என்று குறித்துவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்பது விதி. அந்த விதிப்படியே போயிருந்தால், வயலில் இறங்காத பெண்களின் உடம்பை மட்டும் அளந்து அதற்கு ‘டெல்டா பெண்கள்’ என்று பெயர் வைத்திருப்போம்.

அதனால் நேரத்தை மாற்றினோம். வாசல் தெளிக்கும் நேரத்துக்கே ஊருக்குள் இருக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலமே சொல்லி வைக்க வேண்டும். ரத்தம் எடுத்த கையோடு டீயும் பன்னும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் வயிற்றோடு சேற்றில் இறங்கி மயங்கி விழுவார்கள். அப்புறம், நடவுக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகும் அக்கா ஒருவர் ஊருக்கு ஊர் இருப்பார். நாளைக்கு யார் வயல், எத்தனை பேர், யாருக்கு உடம்பு முடியவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பஞ்சாயத்துத் தலைவரிடம் வாங்கிய கடிதத்தைவிட இந்த அக்காவிடம் வாங்கிய செல் நம்பர்தான் எங்களுக்கு அதிகம் உதவியது.

சித்திரை, வைகாசியில் போனால் ஆள் கிடைக்குமே என்று சென்னையிலிருந்து வந்த ஒருவர் கேட்டார். கிடைக்கும். உளுந்து, பயறு அறுத்து முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் காலம் அது. ஆனால் சேற்றில் நின்று நின்று கால் விரல் இடுக்கு வெந்து போவதும், குனிந்தபடியே நட்டு இடுப்பு பிடித்துக்கொள்வதும் அந்த மாதத்தில் தேடினால் அகப்படாது. (மெஷின் நடவும் நேரடி விதைப்பும் வந்து நடவு வேலை குறைந்துவிட்டது என்பது உண்மைதான். களை எடுப்பதும், பயிர் விட்டுப்போன இடத்தில் நாற்று ஊன்றுவதும் இன்னும் பெண்கள் கையில்தான் இருக்கிறது.)

ஆள் வீட்டில் இருந்தாலும் பதில் அவரிடமிருந்து வரும் என்று நம்ப முடியாது. “அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா, எழுதிக்கங்க” என்று வீட்டுக்காரர் சொல்லி முடித்துவிடுவார். சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. இருவராகப் போவோம். ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து அவரிடம் மேட்டூரில் தண்ணீர் திறந்தது, கடைமடைக்கு வராதது, நெல் கொள்முதல் என்று பேசிக்கொண்டே அவருடைய படிவத்தை நிரப்புவார். இன்னொருவர் பெண்ணோடு கொல்லைப்பக்கம் போய்விடுவார். வெள்ளைப்படுதல், நீர்க்கடுப்பு, அடி இறங்கியது (கருப்பை கீழே இறங்குவது) எல்லாம் அங்கேதான் வெளியே வரும். அதுவும் படிவத்தை மூடிப் பைக்குள் வைத்த பிறகுதான் வரும். “ஒன்னு கேக்கணும்மா, தப்பா நெனைக்காதீங்க” என்று ஆரம்பிப்பார்கள். அதனால் பையை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதையும் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூடவே, எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை பெண் டாக்டர் இருப்பார் என்ற தகவல் கையில் இருக்க வேண்டும். வழி சொல்ல முடியாத கேள்வியை நான் கேட்பதில்லை.

பூச்சிமருந்து பற்றிய பகுதியில்தான் கேள்வியே எவ்வளவு கோணலாக இருந்தது என்று தெரிந்தது. ‘நீங்கள் மருந்து அடிப்பதுண்டா?’ என்று அச்சடித்திருந்தார்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா, “இல்லம்மா, அதெல்லாம் அவுங்கதான்” என்றார். ‘இல்லை’ என்று டிக் அடிக்க வேண்டியதுதான். ஆனால் அவர் பேசிக்கொண்டே ஒரு அன்னக்கூடையில் சட்டையை ஊறப் போட்டுக்கொண்டிருந்தார். வாடை மூக்கைத் துளைத்தது. “அவுங்க மருந்தடிச்ச சட்ட. தனியாத்தான் ஊற வப்பேன். ரெண்டு தண்ணி அலசுனாலும் வாட போவாது. கையி எரியும்” என்று உள்ளங்கையைக் காட்டினார். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. மருந்து கலக்க வாய்க்காலிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமப்பதும் அவர்தான். அடித்த மறுநாளே அந்த வயலில் களை எடுக்க இறங்குவதும் அவர்தான். எங்கள் படிவப்படி அவருக்கும் பூச்சிமருந்துக்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது நான் கேட்பது வேறு. மருந்து அடிக்கத் தண்ணீர் யார் தூக்குவது? அடித்து எத்தனை நாள் கழித்து வயலில் இறங்குவீர்கள்? அடித்தவர் துணியை யார் துவைப்பது? தொழில் என்ற இடத்திலும் இதே கதை. மகன் ‘இல்லத்தரசி’ என்பார். “போன வாரம் எந்த வயலுக்குப் போனீங்க, மாட்டை யார் பார்க்கிறது?” என்று அம்மாவிடம் கேட்டால் இல்லத்தரசி அங்கேயே காணாமல் போய்விடுவார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு மெட்டி.

ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணிக்கு பி.பி. பார்த்தபோது அளவு மிக அதிகமாக இருந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. பி.பி.யைக் குறைக்கும் அம்லோடிபின் அட்டைகள் சாமி மாடத்தில் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. ஏன் போடவில்லை என்று கேட்டதற்குக் காலை நீட்டினார். “இதப் போட்டா கால் வீங்குதும்மா. மெட்டி இறுகிப் போயி சோப்புப் போட்டுத்தான் கழட்டுனேன். எதுத்த வீட்டுல கிட்னி போனவரு இப்படித்தான் மொதல்ல வீங்குனாரு. பயந்துட்டு விட்டுட்டேன்.” மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்ற கேள்விக்குப் படிவத்தில் நான்கு கட்டம் இருந்தது: மறதி, செலவு, சரியாகிவிட்டது, பிற. மெட்டியை ‘பிற’வில்தான் எழுத வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து அந்த மாத்திரையைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற விவரக்குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. அம்லோடிபின் சாப்பிட்ட ஆண்களில் வீக்கம் வந்தவர்கள் 5.6 விழுக்காடு, பெண்களில் 14.6 விழுக்காடு. இரண்டரை மடங்கு. சோதனையில் பெண்களையும் சேர்த்து, தனியாகவும் எண்ணியிருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் எண்ணியது அச்சில் நின்றுவிட்டது. மாத்திரையைக் கொடுக்கிறவர் யாரும் “உங்களுக்குக் கால் வீங்கலாம், வீங்கினால் வந்து சொல்லுங்கள்” என்று அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பி.பி. அவ்வளவு ஏறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். டாக்டர் சிறுநீர், கிரியேட்டினின் பார்த்துவிட்டுச் சிறுநீரகத்தில் கோளாறில்லை என்றார். அம்லோடிபின் அளவைக் குறைத்து இன்னொரு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தார். வீக்கம் வடிந்தது.

வீக்கம் என்றால் எல்லாமே மாத்திரையால்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, சிறுநீரகம், இதயம் காரணமாகவும் வரும். அதனால் தாமாக நிறுத்தாமல் போய்க் காட்டுவதுதான் சரி. காட்டும்போது “கால் வீங்குது” என்பதோடு விடாமல், மாத்திரை ஆரம்பித்து எத்தனை நாளில் வீங்கியது, காலையில் வடிகிறதா, மூச்சு வாங்குகிறதா என்பதையும் சொன்னால் டாக்டருக்கு வேலை சுலபம். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போக வேண்டும். ‘மஞ்சக் கலர் மாத்திர’ என்றால் அவருக்குப் புரியாது.

பி.பி.க்குக் கொடுக்கும், சிறுநீரை அதிகம் போக வைக்கும் நீர் மாத்திரைக்கு வேறு சங்கதி. காலையில் போட்டால் ரெண்டு மூணு மணி நேரத்துக்கு அடிக்கடி ஒதுங்க வேண்டிவரும். வரப்பில் எங்கே ஒதுங்குவது? ஆண்கள் வாய்க்கால் ஓரத்தில் திரும்பி நின்றுகொள்வார்கள். நடவு நடக்கும் நாட்களில் அந்த மாத்திரையைப் பெண்கள் தொடுவதே இல்லை. சிலர் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடுகிறார்கள், அதிலிருந்து நீர்க்கடுப்பு. “வேலை நாளில் இதை எத்தனை மணிக்குப் போடலாம், மாற்று உண்டா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், பெரும்பாலான டாக்டர்கள் வழி சொல்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க ஓ.பி. வரிசையில் நின்றால் அரை நாள் கூலி போகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தக் கதை எங்கள் ஊரில் தொடங்கவில்லை. 1950-களின் கடைசியில் கர்ப்பிணிகளுக்கு வாந்திக்குக் கொடுத்த தாலிடோமைடால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் வளராமல் பிறந்தன. அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பிள்ளை பெறும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துச் சோதனையின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்றது. அதை மாற்றிக்கொள்ள 1993 ஆயிற்று. சோதனையில் சேர்க்காததால் பெண்கள் அந்த மருந்துகளைச் சாப்பிடாமல் இருந்தார்களா? கடைக்கு வந்த பிறகு எல்லோரும்தான் சாப்பிட்டார்கள். தூக்க மாத்திரை ஸோல்பிடெம் பெண்களின் உடம்பிலிருந்து மெதுவாக வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டும்போதும் மயக்கம் மிச்சமிருக்கிறது என்று பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது 2013-இல்தான்.

ஆஸ்பிரின் கதை இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்காவில் 22,071 டாக்டர்களிடம் ஒரு பெரிய சோதனை நடந்தது. அத்தனை பேரும் ஆண்கள். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த அவர்களில் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு முதல் மாரடைப்பு 44 விழுக்காடு குறைந்தது என்று 1989-இல் அறிவித்தார்கள். பெண்களிடம் தனியாகச் செய்த சோதனையின் முடிவு 2005-இல் வந்தது. அதில் ஏறத்தாழ 40,000 பெண்கள். பக்கவாதம் 17 விழுக்காடு குறைந்தது. முதல் மாரடைப்பு மொத்தத்தில் பார்த்தால் குறையவில்லை. ஆண்களுக்குக் கிடைத்த பதிலைப் பெண்களுக்கும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது. (ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் இதைப் படித்துவிட்டு ஆஸ்பிரினை நிறுத்திவிட வேண்டாம். அவர்கள் கணக்கு வேறு.)

நம் பக்கத்திலேயே நல்லபடியாக நடந்த ஆய்வும் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிப் பெரிய ஆய்வு செய்தார்கள். அசிட்டிக் அமிலம் தடவி, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கும் எளிய முறை. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் பரிசோதித்தார்கள். பரிசோதனைக்கு உட்படுத்திய பகுதிகளில் அந்தப் புற்றுநோயால் சாவது 35 விழுக்காடு குறைந்தது என்று 2007-இல் முடிவு வந்தது. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதே வகைப் பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். “எனக்கு ஒன்னும் இல்லையே, எதுக்கு?” என்று கேட்பவர்களிடம் நான் திண்டுக்கல்லைத்தான் சொல்வேன். வெளிநாட்டுக் கணக்குக்கு அசையாதவர்கள், “நம்ம ஊரு பொம்பளைங்களா?” என்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

வயது விஷயத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு பெண்களுக்கு ரத்தசோகை என்று வந்தது. அந்தக் கணக்கு 15 முதல் 49 வயது வரை. பிள்ளை பெறும் வயதைத் தாண்டிய பெண் அந்த எண்ணில் இல்லை. எங்கள் பக்கம் ஐம்பத்தைந்து வயதில் நாள் முழுக்கக் களை எடுக்கிறவர்கள் எத்தனையோ பேர். ‘தலை சுத்துது’ என்றால் வயசாகிவிட்டது என்று பதில் வரும். கர்ப்பிணியாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. இதற்கு வயது வரம்பு கிடையாது. பி.பி.க்குப் போகும்போதே ஹெச்.பி.யும் பாருங்கள் என்று கேட்டு வாங்கலாம். மாதவிடாய் நின்ற பிறகும் ஹீமோகுளோபின் குறைந்துகொண்டே போனால் இரும்புச் சத்து மாத்திரையோடு விடாமல் ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். குடலில் கசிவு இருக்கலாம். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது டாக்டரிடம் போக வேண்டிய சமாச்சாரம்.

மாரடைப்பையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுவலி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுதான். பெண்களுக்கு அதோடு, சில நேரம் அது இல்லாமலே, மூச்சு வாங்குவது, குமட்டல், தாடை அல்லது மேல்முதுகு வலி, காரணமில்லாத அசதி, குப்பென்று வேர்ப்பது போன்றவை கூடுதலாக வருகின்றன. நம் ஊரில் அதற்கு வாயு என்று பெயர் வைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறோம். வீட்டுக்காரருக்கு அதே வேர்வை வந்தால் 108-ஐக் கூப்பிடுகிறோம். 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் முதல் தவணை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கின்றன, அதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஆய்வுக்கு ஆள் கேட்டு எங்களைப் போன்றவர்கள் வந்தால் என்ன செய்வது? அவசரப்பட்டுக் கைநாட்டு வைக்காதீர்கள், அவசரப்பட்டு விரட்டவும் வேண்டாம். இது வெறும் சர்வேயா, புது மருந்துச் சோதனையா என்று கேளுங்கள். மருந்துச் சோதனை என்றால் 2019-இல் வந்த மத்திய அரசு விதிகள் பொருந்தும். சோதனையால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, திட்டத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருந்து எல்லாவற்றையும் கேட்க வேண்டும். வீட்டுக்காரரிடம் கலந்து பேசுவதில் தப்பில்லை, ஆனால் அவர் போடும் கையெழுத்து உங்கள் ஒப்புதல் ஆகாது. நடுவில் விலகிக்கொள்ளலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். “ரத்தத்த எடுத்துட்டுப் போனவங்க திரும்பி வரவே இல்ல” என்ற புகாரை நான் ஊருக்கு ஊர் கேட்கிறேன், அது நியாயமான புகார். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்த தெருவில் அடுத்த சுற்றுக்குப் பெண்கள் தாங்களே வந்து நிற்கிறார்கள்.

எங்கள் திட்டத்தின் அடுத்த சுற்றுப் படிவம் வந்துவிட்டது. துணி துவைக்கும் கேள்வி சேர்ந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தியதற்கான காரணங்களில் ‘கால்வீக்கம்’ தனிக் கட்டமாகிவிட்டது. வேலை செய்யும் இடத்தில் ஒதுங்க வசதி உண்டா என்ற கேள்வியை மட்டும் எடுத்துவிட்டார்கள், படிவம் நீளுகிறதாம். நான் அதைக் கேட்டுவிட்டு ‘குறிப்பு’ என்ற இடத்தில் எழுதிவிடுகிறேன். குழுவில் மற்றவர்களும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அதை ஏற்ற கம்ப்யூட்டரில் இடமில்லை என்று டேட்டா என்ட்ரி பையன் முதலில் முனகினான். இப்போது அதற்கென்று தனியாக ஒரு எக்செல் ஷீட் போட்டிருக்கிறான்.